முப்பத்தொன்றாம் எண் வெளியே வரவில்லை

எங்கள் சுரங்கப்பாதை வேலையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பொறுங்க’. எதைக் கேட்டாலும் முதலில் அந்தச் சொல்தான் வரும். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால்கூட, “பொறுங்க, கை கழுவிட்டு வரேன்” என்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். பாறையில் வெடி வைப்பது என் தொழில். துளை போட்டு, மருந்து நிரப்பி, ஆட்களை வெளியேற்றி, வெடிப்பெட்டியின் சாவியைத் திருப்பினால் என் வேலை முடிந்தது. இப்படிப்பட்டவனையும் அப்படிப்பட்டவரையும் ஒரே வாசலில் நிறுத்தி வைத்தது யார் செய்த புண்ணியமோ.

அவர் வேலை என்ன என்று எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆயிற்று. உள்ளே போகும் ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு பேட்ஜ் இருக்கும். தீப்பெட்டி அளவு. அதற்கு ஓர் எண். பத்து விநாடிக்கு ஒரு முறை அது தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும், நம் காதுக்குக் கேட்காத வானொலிக் குரலில். நேர்ப்பாதையில் நானூறு அடிக்குள் இருக்கும் மற்ற பேட்ஜ்கள் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். குறித்ததைத் தன் பக்கத்தில் இருப்பவரின் பேட்ஜுக்குச் சொல்லும். அது அடுத்ததற்கு. இப்படியே கைமாறிக் கைமாறி, உள்ளே இருப்பவர்களின் பட்டியல் வாசலில் இருக்கும் பெட்டிக்கு வந்து சேரும். பெட்டியின் திரையில் ஓர் எண் தெரியும். எத்தனை பேர் உள்ளே என்பது அது. பூஜ்யம் வந்தால் பச்சை விளக்கு. பச்சை வந்தால்தான் நான் சாவியைத் தொடலாம்.

“உள்ள ஒரு சிக்னல் கோபுரத்தை நட்டுட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இவ்வளவு சுத்து?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“நட்டா நீங்க வெடியில தூளாக்கிருவீங்களே அண்ணே. கம்பி இழுத்தாலும் லாரி அறுத்துரும். ஆளுங்க மட்டும்தான் உள்ள போறாங்க, வராங்க. அதனால ஆளுங்களே கோபுரம்.”

“இதுல யாரு பெரியவன்? யாரு பேச்சை யாரு கேக்கறது?”

“யாரும் பெரியவன் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இருக்கறதை மட்டும்தான் தெரியும். மொத்தம் எவ்வளவுன்னு யாருக்குமே தெரியாது. ஆனா எல்லாம் சேந்து சரியாச் சொல்லிரும்.”

தலைவன் இல்லாத கூட்டம் எங்காவது உருப்பட்டிருக்கிறதா என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரிப்பது கொஞ்சம் மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும்.

முதல் வாரம் அவர் பட்ட அவமானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேன்டீன் மேசையில் நாற்பது பேட்ஜையும் வரிசையாக அடுக்கி, மேனேஜர் முன்னால் செய்து காட்டினார். திரையில் நாற்பது வந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் முப்பத்தொன்பது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் சுரங்கத்துக்குள் போட்டுப் பார்த்தால் பதினேழுதான் வந்தது. மேசையில் எல்லோருக்கும் எல்லோர் குரலும் கேட்டது. உள்ளே பாதை முந்நூறு அடியில் வலது பக்கம் வளைகிறது. வளைவைத் தாண்டி இருப்பவன் குரல் இந்தப் பக்கம் வராது. “மேசை மேல சுரங்கம் தோண்டினா இவரு பேட்ஜ் பிரமாதமா வேலை செய்யும்” என்று பம்புக்காரன் சொன்னது வேலையிடம் முழுக்கப் பரவிவிட்டது. பம்புக்காரன் எப்போதும் முழங்கால் தண்ணீரில் நிற்பவன். அவனுக்குத் ‘தவளை’ என்று பெயர். வாயும் அப்படித்தான், ஓயாது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு மூன்று வாரம் கையில் சுண்ணாம்புக்கட்டியோடு உள்ளே நடந்துகொண்டே இருந்தார். எங்கே நின்றால் எது கேட்கிறது என்று சுவரில் குறி போட்டார். வளைவின் சுவரில் இரண்டு பேட்ஜைத் தொங்கவிட்டார், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேச்சை வாங்கிக் கொடுக்க. கல் ஏற்றிய லாரி இரண்டையும் இடித்துத் தூளாக்கியது. இரும்புக் கூடு வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார். “பார்க்கலாம்” என்றார் மேனேஜர். எங்கள் மேனேஜர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி உறைந்துபோய் நின்றுவிட, அவரைக் கூப்பிட்டு வர நான் போனேன். தையல்கடைக்கு மேலே இரண்டு அறை, நடுவில் ஒரு குறுகிய நடை. முன்னறையில் அவருடைய அக்கா, தட்டச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் சமையலறையில் அவர் மனைவி, மருத்துவமனையில் நர்ஸ். இருவரும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. துணி காயப்போடும் கொடி யாருடையது என்பதில் தொடங்கிய சண்டையாம். கொடி அறுந்து போயும் சண்டை அறுந்து போகவில்லை.

நான் நடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முன்னறையிலிருந்து அக்கா, “உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, மாத்திரை தீந்துருச்சு” என்றார். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து மனைவி, “உங்க அக்காகிட்ட சொல்லுங்க, குழாய்ல தண்ணி நிக்குது” என்றார். இரண்டும் நடுவில் மோதி, நடையில் நின்றவர் காதில் விழுந்தது வெறும் இரைச்சல். அவர் படபடவென்று கையைத் தட்டினார். இரு பக்கமும் மௌனம். சில விநாடி கழித்து அக்கா குரல் மட்டும் வந்தது. அது முடிந்ததும் மனைவி குரல்.

“இது என்னய்யா வித்தை?” என்றேன்.

“ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது அண்ணே, கதவு சாத்தியிருக்கு. நடுவுல நிக்கிற எனக்குத்தான் மோதும். அதனால ஒரு ஏற்பாடு. மோதிச்சுன்னா நான் கை தட்டுவேன். ரெண்டு பேரும் நிறுத்திட்டு, மனசுல ஏதோ ஒரு எண்ணை நினைச்சு, அவ்வளவு எண்ணிட்டுத்தான் மறுபடி பேசணும். பேட்ஜுக்கும் இதே ஏற்பாடுதான்.”

“அப்ப அக்கா எப்படி முந்தினாங்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா எப்பவும் ஒண்ணுதான் நினைக்கிறா.”

அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்தாலும், படியிறங்கும்போது பாவமாகத்தான் இருந்தது. வேலையிடத்திலும் நடுவில், வீட்டிலும் நடுவில். இரண்டு பக்கத்திலும் யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாமல் ஒரு மனிதன் இப்படியும் வாழ முடியுமா என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி. மறுநாளே அவரோடு சண்டை போட்டேன்.

சண்டைக்குக் காரணம் ‘தெரியாது’ என்ற ஒரு சொல். ஒரு பேட்ஜ் வாசலைக் கடந்தால் பெட்டி அதை வெளியே போனதாகக் கணக்கில் எழுதும். வாசலைக் கடக்காமலே குரல் நின்றுவிட்டால்? அப்போது பெட்டி அந்த எண்ணுக்கு எதிரே ‘தெரியாது’ என்று காட்டும். சிவப்பு விளக்கு அணையாது. யாராவது போய் அந்த ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பேட்ஜ் நிற்பதற்கு ஆயிரம் காரணம். பேட்டரி தீரும், தண்ணீரில் விழும், சட்டையோடு துவைக்கப் போய்விடும். ஆள் அங்கே கேன்டீனில் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசிக்கொண்டிருப்பான். இங்கே நான் மருந்து நிரப்பிய பாறையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

“அஞ்சு நிமிஷம் சத்தம் இல்லேன்னா அவன் வெளியே போயிட்டான்னு வச்சுக்க வேண்டியதுதானே?” என்று கத்தினேன்.

“வச்சுக்க முடியாது அண்ணே. சத்தம் வராததுக்கும் ஆள் இல்லாததுக்கும் வித்தியாசம் இருக்கு. இங்கேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.”

“அப்படிச் சத்தம் நின்னவன்ல ஒருத்தன்கூட இதுவரைக்கும் உள்ள இருந்ததில்ல.”

“கூட்டம் இருக்கறப்ப எல்லாரோட சத்தமும் வரும். எல்லாரும் வெளியே வந்துட்டாங்கன்னா, சத்தத்தை வாங்கிக் கொடுக்க நடுவுல ஆள் இருக்காது. கடைசியா வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் மாட்டினா, அவன் சத்தம் மட்டும்தான் வராது. நாம தேடறதே அந்த ஒருத்தனைத்தான்.”

நியாயமான பேச்சு. ஆனால் நியாயம் கேட்கும் நிலையில் நான் இல்லை. நேரே மேனேஜரிடம் போனேன். இந்தப் பெட்டியால் வேலை கெடுகிறது, ஐந்து நிமிடம் என்று விதி போடுங்கள், இல்லையென்றால் வேறு வெடிக்காரனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேனேஜர் அந்த ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கலாம் என்று சொல்லாமல் உடனே பார்த்தார். இரண்டு நாளில் விதி மாறியது. ஐந்து நிமிடம் குரல் வராத எண்ணைப் பெட்டி தானாகவே பட்டியலிலிருந்து எடுத்துவிடும். பூஜ்யம். பச்சை.

“விதியைப் பெட்டியில எழுதிட்டேன்” என்று மட்டும் ‘பொறுங்க’ என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் வேலை சரசரவென்று ஓடியது. ஒன்றை மட்டும் கவனித்தோம். ஒவ்வொரு வெடிக்கு முன்னாலும் மனிதர் தன் தகரக் கொட்டகையைவிட்டு வெளியே வந்து அங்குமிங்கும் திரிவார். கேன்டீனை எட்டிப் பார்ப்பார். குளியலறைப் பக்கம் போய் நிற்பார். சைக்கிள் நிறுத்துமிடத்தில் தலைகளை எண்ணுவார். வேலை இல்லாமல் சுற்றுகிறார் என்று நாங்கள் கேலி பேசினோம். விஷயம் பிறகுதான் தெரிந்தது. குரல் நின்றதால் பெட்டி எடுத்துவிட்ட எண்கள் எவை என்று தனக்கு மட்டும் தெரியும்படி ஒரு சின்னப் பட்டியல் வைத்திருந்தார். பெட்டி செய்ய மாட்டேன் என்றதைத் தன் காலால் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள்கூட விட்டதில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை.

அந்த நாள் மதியம் மூன்று மணிக்கு அறுபது துளையிலும் மருந்து நிரப்பி முடித்தேன். மேற்கே வானம் கறுத்து இடி கேட்கத் தொடங்கியிருந்தது. மருந்து நிரப்பிய பாறையும் மின்னலும் ஒன்றுக்கொன்று ஆகாது; மின்னலே மருந்தை வெடிக்கவைத்துவிடும். இடி நெருங்குவதற்குள் வெடித்துவிட வேண்டும், அதுதான் பாதுகாப்பு. எல்லோரையும் விரட்டி வெளியேற்றினேன். சைரன் ஊதியாயிற்று. திரையில் பூஜ்யம். பச்சை. சாவியைப் போட்டு, திருப்பக் கை வைத்தேன்.

“பொறுங்க.”

ஓடி நாங்கள் பார்த்தே இராத மனிதர் ஓடி வந்து நின்றார். மூச்சு வாங்கியது. “முப்பத்தொண்ணு வெளியே இல்ல.”

“யாரது முப்பத்தொண்ணு?”

“பம்புக்காரர். கேன்டீன்ல இல்ல. குளிக்கற இடத்துல இல்ல. சைக்கிள் நிக்குது.”

மேனேஜர் குடையோடு வந்தார். “வாட்ச்மேன் அவன் போறதைப் பாத்ததாச் சொல்றாரு. பேட்ஜ் தண்ணில விழுந்திருக்கும். அது அவனுக்குப் புதுசா?”

“வாசலைத் தாண்டல சார். வளைவுக்கு அந்தப் பக்கம் குரல் நின்னிருக்கு. யாராவது வளைவுல போய் நின்னா, உள்ள இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சுரும். வேற ஒண்ணும் வேண்டாம், நின்னாப் போதும்.”

நிரப்பிய பாறை, தலைக்கு மேல் இடி. யார் போவார்கள்? நானும் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. பச்சை விளக்கு எரிகிறது, சட்டம் என் பக்கம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

“சரி, நானே போறேன். பத்து நிமிஷம் குடுங்க அண்ணே” என்றார். சாவியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. என் கையிலேயே விட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

அவர் வாசலைத் தாண்டியதும் திரையில் ஒன்று. சிவப்பு. நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் வளைவில் நிற்காமல் நேரே அந்தப் பக்கம் போய்விட்டிருப்பார். குரலை வாங்கிக் கொடுக்க நடுவில் ஆள் இல்லை. ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து.

ஒன்று மறைந்து பூஜ்யம் ஆனது. பச்சை விளக்கு எரிந்தது.

மனிதர் உள்ளே இருக்கிறார். என் கண் முன்னால் நடந்து போனவர். பெட்டி ஆள் இல்லை என்கிறது, வெடிக்கலாம் என்கிறது. நான் கேட்டு வாங்கிய ஐந்து நிமிடம் அது. வாழ்நாள் முழுக்கப் பச்சைக்காகக் காத்துக் கிடந்தவன், அன்றைக்குத்தான் பச்சையைப் பார்த்துப் பயந்தேன்.

“அவர் உள்ள இருக்கறது நமக்குத் தெரியுமே” என்றார் மேனேஜர், யாரோ கேட்டதுபோல.

“நமக்குத் தெரியும் சார். நாம இதைப் பாத்துட்டு நிக்கிறோம். முப்பத்தொண்ணு திரையிலேருந்து இப்படி மறைஞ்சப்ப யாரு பாத்தாங்க?” என்றேன்.

சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டேன். வெடிப்பெட்டியிலிருந்து கம்பி இரண்டையும் கழற்றி, யாரும் வெடிக்க முடியாதபடி ஒன்றோடொன்று முறுக்கினேன். என் பேட்ஜ் மார்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

பேட்ஜின் மூலையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. எத்தனை பேட்ஜின் குரல் கிடைக்கிறதோ அத்தனை முறை சிமிட்டும். வாசல் பெட்டிக்காக ஒரு முறை சிமிட்டிக்கொண்டே இருந்தது. வளைவுக்கு வந்தேன். சுவரில் அவருடைய சுண்ணாம்புக் குறி. அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்று மார்பைக் குனிந்து பார்த்தேன். ஒன்று. ஒன்று. அரை அடி தள்ளி நின்றேன்.

ஒன்று, இரண்டு, மூன்று.

வாசல், அவர், இன்னொன்று. தவளையின் பேட்ஜ் அங்கே இத்தனை நேரமும் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. பேட்ஜ் வேலை செய்கிறது என்றுதான் எனக்குத் தெரியும். ஆளுக்கு உயிர் இருக்கிறதா என்பது தெரியாது. “தம்பி” என்று அவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். பம்பு ஓடும் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கால் தானாக முன்னால் எழுந்தது. ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. ஒரு எட்டு வைத்தேன். விளக்கு இரண்டுக்கு இறங்கியது. வாசல் அறுந்துவிட்டது. நான் இந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் வாசல் திரையில் மூன்று பேரும் இல்லாமல் போவோம். உள்ளே இன்னொருவன் இருக்கிறான், ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று வெளியே சொல்ல அந்த எண்ணைத் தவிர என்னிடம் வேறு வழி இல்லை. பின்வாங்கிச் சுண்ணாம்புக் குறியில் ஒட்டிக்கொண்டேன். வெளியே சைரன் ஒரு முறை சின்னதாக ஊதியது. மேனேஜர் பார்த்துவிட்டார்.

இருபது நிமிடம் நின்றேன். நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு இடிக்கும் பாறைக்குள் இருக்கும் அறுபது துளையும் கண் முன்னால் வந்தன, நானே என் கையால் நிரப்பியவை. மனைவி மக்களை நினைத்தேன். தையல்கடை மேலே இரண்டு கதவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெண்களையும் நினைத்தேன். அவர் வராவிட்டால் அந்த வீட்டில் பேச்சே இருக்காது என்று தோன்றியபோது, அவ்வளவு நேரம் அடக்கியிருந்த அழுகை வந்துவிட்டது.

பிறகு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. ஒரு நீளப் பலகையில் தவளையைக் கட்டிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தார். பம்பின் குழாய் சரிந்து கால் மாட்டிக்கொண்டிருக்கிறது. தலையில் அடிபட்டு மயக்கம். இப்போது முனகிக்கொண்டிருந்தான். அந்த முனகலைப்போல இனிமையாக அவன் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை.

அவர் பலகையை இறக்கிவைத்துவிட்டு என் முகத்தில் டார்ச் அடித்தார். “நின்னது நீங்களா?”

தலையாட்டினேன்.

“யாருன்னு தெரியல. விளக்கு ஒண்ணு சிமிட்டிட்டு இருந்தது, திடீர்னு ரெண்டாச்சு. வளைவுல யாரோ நிக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் முடியப்போகுதேன்னு காலை அப்படியே இழுத்துரலாம்னு இருந்தேன். இழுத்திருந்தா கால் போயிருக்கும். விளக்கைப் பாத்ததும் அவசரத்தை விட்டுட்டு, குழாயை மெதுவாக் கழட்டினேன்.”

பத்து நிமிடம் முடிந்தால் நான் சாவியைத் திருப்பிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் அங்கே குனிந்திருந்திருக்கிறார். அப்படியிருந்தும் தவளையைவிட்டு வரவில்லை.

“அந்த அஞ்சு நிமிஷ விதி” என்றேன். “மேனேஜரா யோசிச்சுப் போட்டது இல்ல தம்பி. நான்தான் போய்க் கேட்டேன். வேலையை விட்டுருவேன்னு மிரட்டினேன்.”

“தெரியும் அண்ணே. அன்னைக்கே மேனேஜர் சொன்னாரு.”

நான்கு மாதமாகத் தெரிந்திருக்கிறது. நான்கு மாதமும் தினம் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

“கேட்டது நீங்க. எழுதினது நான்” என்றார். குனிந்து கால்பக்கத்தைப் பிடித்தார். “தலைப்பக்கம் நீங்க புடிங்க. ஆட்டாம வாங்க.”